பிள்ளைப்பேற்றுக்குப் பின் தோற்றமும் தன்னம்பிக்கையும்: கோலா கிளாவாங் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு மீள்பார்வை

பிள்ளை பெற்ற பெண் தன் பழைய தோற்றத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் எப்படித் திரும்புகிறாள், திரும்பத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்லாத தலைமுறை இல்லை. மருத்துவச்சியும் மாமியாரும் ஒரு விடை வைத்திருந்தார்கள். சீர்திருத்தக்காரர்கள் அதற்கு நேர் எதிராகப் பேசினார்கள். கடந்த அரை நூற்றாண்டில் உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியாக அழகுப்பொருள் வணிகம் வந்து எல்லாரையும்விட உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த விடைகளில் பலவும் அலமாரி நிறைய உடுப்பும், அதை உடுத்திக்கொண்டு போக ஓர் அலுவலகமும் உள்ள நகரத்துப் பெண்ணை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைவீட்டில்) பிள்ளை பெற்றவளுக்கும், அவளுடைய மகளுக்கும், தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டில் வளரும் பேத்திக்கும் இவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கவலை.

அதற்கு மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள ஜெலுபு மாவட்டம் நல்ல களம். அதன் தலைநகரான கோலா கிளாவாங்குக்குச் சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைப்பாதை வழியே வளைந்து வளைந்து போக வேண்டும். ஈயமும் ரப்பரும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய வட்டாரம் இது. தாய்வழி நிலவுரிமை கொண்ட மலாய்க் கிராமங்களான கம்பங்களும், தமிழர் பால்மரம் வெட்டிய தோட்டங்களும், சீனர் குடியிருப்புகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்று சமூகத்திலும் பிள்ளைப்பேற்றுக் காப்பு உண்டு, மூன்றிலும் தாய்க்கு மரியாதை உண்டு. ஆனால் தாயான பெண் காலூன்றி நிற்கும் தரை மூன்றிலும் வேறு. பழைய விடைகளை இந்த இடத்தில் உரைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: தோற்றம் பற்றிய தன்னம்பிக்கை பெரும்பாலும் ஒரு பெண்ணுக்குப் போய் நிற்க உள்ள இடத்தையும், கையிலுள்ள காசையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதையும் பின்தொடர்ந்து வருகிறது. அவற்றுக்கு முன்னால் அது வருவது அரிது. இந்த முடிவுக்கும் எல்லைகள் உண்டு. அவற்றையும் பார்க்க வேண்டும்.

உடல் தேறினால் போதும் என்பவர்கள்

மிகப் பழைய விடை உடலைப் பற்றியது. முப்பது நாள் பத்தியம், பூண்டும் மிளகும் சேர்த்த மருந்துக் குழம்பு, பால் சுரக்கச் சுறாப் புட்டு, வெந்நீர்க் குளியல், வயிற்றுக் கட்டு. அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களிடம் இது 44 நாள் பந்தாங். பெங்குங் துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டி, பீடான் என்ற மருத்துவச்சி வந்து உடம்பைப் பிடித்துவிடுவார். சீனர்களுக்கு ஒரு மாதம் வீட்டோடு இருப்பு. மூன்றுக்கும் பொதுவான எண்ணம், பிள்ளைப்பேறு உடம்பைத் திறந்துவிட்டது, அதைக் கட்டி மூடினால் பெண் பழையபடி ஆகிவிடுவாள் என்பது. நவீன மருத்துவம் இதில் பாதியை ஒப்புக்கொள்ளும். கருப்பை ஏறக்குறைய ஆறு வாரத்தில் சுருங்கித் தன் அளவுக்கு வருகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும் முடி, பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானே நின்றுவிடுகிறது. வயிற்றுத் தசைகளின் இடைவெளி, உடல் எடை, மார்பின் அமைப்பு ஆகியவை அப்படி நாள் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. சிலருக்கு அவை பழைய நிலைக்கு வருவதே இல்லை.

இந்தப் பார்வையின் பலம், ஓய்வு என்பதை உரிமையாக்கியது. முப்பது நாளாவது அடுப்படியிலிருந்தும் வேலைக்காட்டிலிருந்தும் பெண்ணை விலக்கி வைத்தது சிறிய காரியம் அன்று. பலவீனம், அது பேசுவதெல்லாம் கருப்பையையும் பாலையும் பற்றித்தான். சடங்குகளின் வரிசையைப் பார்த்தாலே இது விளங்கும். வளைகாப்பில் பட்டும் பூவும் சந்தனமும் வளையலுமாகப் பெண்ணை அலங்கரித்து நடுவில் உட்கார வைக்கிறோம். முப்பது கழிந்து நடக்கும் சடங்கில் நடுவில் இருப்பது குழந்தை. தலைமுடி இறக்குவதும் தொட்டிலிடுவதும் அதற்கு. தாய் தலைக்குக் குளித்துப் புதுப்புடவை கட்டி ஓரமாக நிற்கிறாள். அவளை மறுபடியும் உலகத்துக்கு அறிமுகப்படுத்தும் சடங்கு என்று தனியாக ஒன்று நம்மிடம் ஏறக்குறைய இல்லை.

பத்தியத்தின் நகரத்து வாரிசுதான் ஆறு மாதத்தில் பழைய உடம்பு என்று விளம்பரங்கள் தரும் வாக்குறுதி. 1991 ஆகஸ்டில் நடிகை டெமி மூர் ஏழு மாத வயிற்றோடு வேனிட்டி ஃபேர் இதழின் அட்டையில் வந்தபோது, கர்ப்பிணி உடம்பும் பார்க்கத் தக்கதே என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் கர்ப்ப வயிறு காட்சிப்பொருள் ஆனதோடு, பிள்ளை பெற்ற வயிறும் மதிப்பெண் போடப்படும் பொருளாயிற்று. பெண் தன் உடம்பை எப்போதும் வெளியாளின் கண்ணால் பார்க்கப் பழகுவது வெட்கத்தையும் பதற்றத்தையும் வளர்க்கிறது என்று ஃபிரெட்ரிக்சனும் ராபர்ட்ஸும் 1997-ல் முன்வைத்த கோட்பாடு இங்கே பொருந்துகிறது. பத்தியம் ஓய்வையாவது கொடுத்தது. இந்த வாரிசு அதையும் கொடுப்பதில்லை.

தாய்மையே புது அடையாளம் என்பவர்கள்

இரண்டாவது விடை, திரும்பிப் போவது என்ற பேச்சையே மறுக்கிறது. அமெரிக்கத் தாதியியல் அறிஞர் ரேவா ரூபின் 1960களில், தாய் என்ற நிலை பிள்ளை பிறந்த நொடியில் வந்துவிடுவதில்லை, பெண் அதைப் படிப்படியாக எட்டுகிறாள் என்று எழுதினார். அவர் வழிவந்த ரமோனா மெர்சர் 2004-ல் எட்டுவது என்ற கருத்தையும் கைவிடச் சொன்னார். தாயாவதற்கு முடிவுப் புள்ளி கிடையாது என்பது அவர் வாதம். மானிடவியலாளர் டானா ரஃபேல் 1973-ல் இதைப் பருவமடைவதற்கு ஒப்பான ஒரு வாழ்க்கைக் கட்டமாகவே பார்த்தார். தாய்க்கும் ஒரு தாய் வேண்டும், அவளைப் பேணும் பெண்கள் சூழ இருக்க வேண்டும் என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

ரஃபேல் சொன்னது தோட்டத்து லயத்தில் ஓரளவுக்கு இருந்தது. ஒரே கூரைக்கடியில் வரிசையாக வீடுகள். ஒருத்தி பிரசவித்தால் அடுத்த வாசலில் கஞ்சி கொதிக்கும். அதே நெருக்கம் கண்காணிப்பாகவும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பிள்ளை பெற்றவள் பளிச்சென்று உடுத்தினால் யாருக்காக என்று கேட்கும் வாயும் அதே வரிசையில்தான் இருந்தது. தாய்மையே அடையாளம் என்ற பார்வையின் பெரிய குறை இங்கே வெளிப்படுகிறது. அது மாற்றத்தை மதிக்கிறது. ஆனால் மாறியவள் தாய் மட்டுமாகவே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பதில்லை. நம் ஊரில் தாய்க்குக் கிடைக்கும் புகழ்ச்சி, அவள் தனக்கென்று எதையும் கேட்காதவரை செல்லுபடியாவது.

இதே இடத்தில் ஒரு பிரிப்பு அவசியம். தன்னம்பிக்கைக் குறைவு வேறு, மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு நோய் வேறு. 1987-ல் உருவான எடின்பரோ அளவுகோல் பத்துக் கேள்விகளால் அந்த நோயின் அறிகுறிகளைத் தேடுகிறது; அவற்றில் ஒன்றுகூடத் தோற்றத்தைப் பற்றியது இல்லை. மலேசியத் தேசிய சுகாதார ஆய்வுகளில் 2016-ல் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இருந்த இந்த அறிகுறி, 2022-ல் பத்தில் ஒரு தாய்க்கு மேல் காணப்பட்டது. அந்தப் பெண்களுக்குப் புதுப்புடவையும் தீர்வாகாது, வேலையும் தீர்வாகாது, கிளினிக் வேண்டும். கீழே வரும் வாதம் அவர்களைப் பற்றியது அன்று.

உடையை மாற்றினால் ஆள் மாறுவாள் என்பவர்கள்

தமிழில் இந்த விடையைத் துணிச்சலாகச் சொன்னவர் பெரியார். பெண்கள் கூந்தலை வெட்டிக்கொண்டு ஆண்களைப் போலச் சட்டை, லுங்கி அணிய வேண்டும் என்றார். பிள்ளைப்பேறே பெண்ணடிமைத்தனத்தின் வேர் என்பதால் விடுதலை வேண்டுமென்றால் பெறுவதையே நிறுத்தலாம் என்றும் எழுதினார். அந்தக் கட்டுரைகள் 1930களில் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்று நூலாயின. 1929 இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து தமிழர் நடுவே பேசியும் போனார். இன்னொரு கோணத்தில், 1943-ல் நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவு அமைந்தபோது மலாயாத் தோட்டத்துப் பெண்கள் பலர் காற்சட்டை போட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள். சீருடை ஒருத்தியை நிமிர வைத்தது என்பதற்கு அதைவிட வலுவான சான்று நம் வரலாற்றில் கிடைப்பது கடினம்.

ஆனால் தோட்டமே இந்த விடைக்கு ஒரு சங்கடமான எதிர்ச்சான்றையும் வைத்திருக்கிறது. பால் வெட்டப் போன பெண்கள் பெரியார் சொல்வதற்கு முன்பே சட்டை போட்டிருந்தார்கள். கைலிக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் முண்டாசு, கொசுக்கடிக்கும் பால் கறைக்கும் அதுதான் காப்பு. உருவத்தில் சீர்திருத்தக் கனவுக்குப் பக்கத்தில் இருந்த இந்த உடை எந்த விடுதலையையும் தரவில்லை. அதே சட்டை, அதே கைலி. ஆனால் அதை அணிந்தவள் விடியுமுன் பிரட்டில் (காலை ஆள்கணக்கில்) பெயர் கூப்பிடக் காத்து நின்றாள். சீருடை ஜான்சி ராணிப் பிரிவுப் பெண்ணை நிமிர வைத்ததற்குக் காரணம் காற்சட்டை இல்லை, அவளுக்குக் கிடைத்த பதவியும் பயிற்சியும் ஒரு நோக்கமும் என்று கொள்வதே பொருத்தம்.

ஆய்வுக்கூடச் சான்றும் ஏறத்தாழ இதே பக்கம் சாய்கிறது. 2012-ல் ஆடமும் கலின்ஸ்கியும் நடத்திய சோதனை ஒன்றில், மருத்துவர் கோட்டு என்று சொல்லிக் கொடுத்த வெள்ளை அங்கியை அணிந்தவர்களின் கவனம் கூடியது. அதே அங்கியை ஓவியர் கோட்டு என்று சொன்னபோது அந்த அளவு கூடவில்லை. உடை மனத்தை மாற்றும் என்பதற்கு இதை உலகெங்கும் மேற்கோள் காட்டினார்கள். 2019-ல் அந்த ஆய்வின் ஒரு சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது விளைவு கிடைக்கவில்லை. மூல ஆய்வையே நம்பினாலும், அது சொல்வது துணியின் பெருமையை அன்று. அந்தத் துணிக்குப் பின்னாலிருக்கும் பதவியின் பெருமையை.

கூலியும் சொத்தும் நேரமும்

நான்காவது விடை அழகைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால்தான் அழகைப் பற்றிய விவாதங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. பெண்ணின் தன்மதிப்பு அவளை மற்றவர்கள் எப்படி விலைபோடுகிறார்கள் என்பதோடு பிணைந்தது என்கிறது அது. அமெரிக்காவில் பூடிக், இங்கிலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயின் ஊதியம் சுமார் 7 விழுக்காடு குறைவதாகக் கணக்கிட்டது. 2007-ல் காரலும் அவருடைய சகாக்களும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வைத்துச் சோதித்தபோது, தாய் என்று தெரிந்த பெண் திறமை குறைந்தவளாக மதிப்பிடப்பட்டாள். தகப்பன் என்று தெரிந்த ஆணுக்கு அந்தத் தண்டனை இல்லை. அப்படியானால் வேலைக்குத் திரும்பும் தாய் உணரும் கூச்சம் வெறும் மனப்பிரமை ஆகாது. அறையில் இருப்பவர்கள் உண்மையிலேயே அவளைக் குறைத்துத்தான் எடைபோடுகிறார்கள்.

தோட்டத்தில் இந்த விலை வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. 1920களின் இறுதியில் மலாயாவில் நிர்ணயித்த தரக்கூலி சில வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1923-ன் தொழிலாளர் சட்டம் பேறுகால உதவித்தொகை, பிள்ளைக் காப்பகம் பற்றிய கடமைகளைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. அக்கறையைவிட, தாய்மார் சீக்கிரம் வெட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற கணக்கே அதில் கூடுதல் என்று சொல்ல இடமுண்டு. எப்படியிருந்தாலும் ஆயாக்கொட்டகை வந்தது. கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் பெண்கள் மலைக்காட்டுக்குப் போனார்கள், பால் நிறுத்தார்கள், சம்பள நாளில் தங்கள் பெயருக்கு எதிரே கைநாட்டு வைத்தார்கள். அந்தச் சம்பளத்திலிருந்து வந்ததுதான் தீபாவளிப் புடவையும் திருவிழாவுக்குக் கம்மலும். தங்கம் அவர்களுக்கு அலங்காரமும் சேமிப்பும் சேர்ந்த பொருள். கஷ்டம் வந்தால் அடகுக்கடைக்குப் போகும், விடிந்தால் காதுக்குத் திரும்பும்.

இதை ஒரு பொற்காலமாக வரைவது பிழை. அந்தச் சம்பளம் பல வீடுகளில் அப்படியே கணவன் கைக்குப் போனது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா 2021-ல் மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றி எழுதிய நூலில், அவர்களை வெறும் பலியாட்களாகவும் வீராங்கனைகளாகவும் காட்டாமல், கிடைத்த சிறு இடைவெளிகளில் தற்காலிகமாகத் தங்கள் விருப்பத்தை நிலைநாட்டிக்கொண்டவர்களாகக் காட்டுகிறார். தோற்றத்துக்கும் அந்தச் சட்டகம் பொருந்தும் என்று தோன்றுகிறது. வெட்டில் கணவன் சட்டை அணிந்தவளே ஆடித் திருவிழாவில் தலைநிறையப் பூவோடு வந்தாள். போய் நிற்க ஓர் இடமும், நிற்பதற்குத் தன் காசும் இருந்த நாள்களில் அவளுக்கு உடை இருந்தது.

பக்கத்துக் கம்பங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். ஜெலுபு, நெகிரி செம்பிலானின் பழைய லுவாக் ஆட்சிப்பகுதிகளில் ஒன்று. தாய்வழி மரபான அடாட் பெர்பாத்தே இங்கே வேரோடியது. அந்த மரபைச் சொல்லும் அருங்காட்சியகமே கோலா கிளாவாங்கில்தான் இருக்கிறது. முன்னோர் நிலமும் வீடும் மகளுக்குப் போகும். பிரிட்டிஷ் காலத்தில் 1909-ன் சட்டம் அதைப் பதிவுக்குக் கொண்டுவந்தது. அங்கே பிள்ளை பெறுவது, குறிப்பாகப் பெண்பிள்ளை பெறுவது, குலத்தின் தொடர்ச்சியில் பெண்ணின் இடத்தை உறுதிப்படுத்துகிறது. பதவிகளும் சபைப் பேச்சும் தாய்மாமன்களிடம் இருந்தாலும் வீடு அவளுடையது. லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். ஒரே மலையடிவாரத்தில் இரண்டு தாய்மார். ஒருத்திக்குத் தாய்மை ஒரு பட்டாவோடு வருகிறது, மற்றவளுக்கு ஒரு கடன்கணக்கோடு. மலாய்த் தாய்மார் எல்லாரும் தன்னம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. பிள்ளைப்பேறு ஒரு பெண்ணின் மதிப்பை ஏற்றுமா இறக்குமா என்பது அவள் உடம்பிலோ அலமாரியிலோ தீர்மானமாவதில்லை என்பதற்கு மட்டும் இது சான்று.

இரண்டு மறுப்புகள்

வேலைக்குத் திரும்பினால் தன்னம்பிக்கை திரும்பும் என்பது முதலாளிக்குச் சாதகமான பேச்சு என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. பச்சை உடம்போடு வெட்டுக்குப் போனவளுக்கு வேலை தந்தது களைப்பைத்தான். எனவே கூலி மட்டும் போதாது; திரும்பும் நாளைத் தானே தீர்மானிக்க வேண்டும், பிள்ளையை நம்பி விட ஓர் இடமும் வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானதும், தகப்பனுக்கு ஏழு நாள் கிடைத்ததும் இந்த வகையில் உருப்படியான மாற்றங்கள். ஆனால் ஆயாக்கொட்டகைக்கு மாற்று வரவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு இறங்கியபோது, வேலை செனவாங், நீலாய்த் தொழிற்சாலைகளுக்கு நகர்ந்தது. பிள்ளைக் காப்பகம் நிர்வாகத்தின் பொறுப்பிலிருந்து குடும்பத்தின் பணப்பைக்கு நகர்ந்தது. இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு அரசு தந்த வருமான வரி விலக்கைப் பாருங்கள்: வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குபவளுக்குத்தான் அது சலுகை. குறைந்தபட்சச் சம்பளக்காரிக்கு அதில் ஒரு காசும் இல்லை.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. காசும் இடமும் வரும்வரை ஒருத்தி காத்திருக்க வேண்டுமா? தலைசீவி, பொட்டு வைத்து, நல்ல பஞ்சாபி உடுப்பு போட்டு, இரவுச் சந்தையான பசார் மாலாமுக்குப் போவதே ஒரு தொடக்கம் இல்லையா? தொடக்கம்தான். உடை இரண்டாம்பட்சம் என்பதால் அற்பம் என்று ஆகிவிடாது. பழைய உடுப்பு பொருந்தாதபோது ஒரே கைலியில் நாளைக் கழிப்பதும், பாலூட்ட வசதியாக முன்பக்கம் திறக்கும் இரண்டு நல்ல மேல்சட்டைகள் இருப்பதும் ஒன்றாகாது. இந்த மறுப்பை ஏற்கலாம். ஒரே நிபந்தனை, அந்தத் தொடக்கம் போய்ச் சேர ஓரிடம் இருக்க வேண்டும். இடமில்லாத அலங்காரம் சில வாரங்களில் சலித்துவிடும் என்றே நினைக்கிறேன். பிறகு அந்தச் சலிப்பையும் பெண்ணின் குறையாகவே கணக்கெழுதுவார்கள்.

தீராமல் நிற்பவை

நான்கு விடைகளில் கடைசியதற்கே தோட்டப்புறச் சான்று அதிகம் துணை நிற்கிறது, அதுவும் நிபந்தனைகளோடு. முதல் மூன்றில் பத்தியத்தின் ஓய்வையும், ரஃபேல் சொன்ன பெண்துணையையும் தள்ளிவிட முடியாது. மலேசிய இந்தியப் பெண்களின் பிள்ளைப்பேற்று விகிதம் இன்று மாற்றீட்டு அளவான 2.1-க்கு மிகக் கீழே போய்விட்டது. ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை. அதுவும் பாட்டிமார் காலத்தைவிடத் தாமதமாக. பிள்ளை வளர்ப்பு விழுங்கும் ஆண்டுகள் குறைந்திருக்கின்றன. ஆனால் அந்த ஆண்டுகளில் பெண் தனியாக இருப்பது கூடியிருக்கிறது. லயத்தின் அடுத்த வாசல் தாமானில் இல்லை. ஆண்டுக்கணக்கு குறைந்தது நன்மையா, தனிமை கூடியது அதைத் தின்றுவிட்டதா என்பது திறந்த கேள்வி.

அதைவிடச் சிக்கலானது வீட்டிலிருந்தே நடக்கும் புதுத்தொழில். கல்யாணப் பெண்ணுக்கு ஒப்பனை, மருதாணி, புடவைக்கு முன்கூட்டியே மடிப்பெடுத்துத் தேய்த்துக் கொடுப்பது, பலகாரம், கைப்பேசி வழியே துணி விற்பனை என்று மலேசியத் தமிழ்த் தாய்மார் பலர் சம்பாதிக்கிறார்கள். இங்கே தோற்றமே தொழிலின் முதல். கைப்பேசித் திரைதான் போய் நிற்கும் இடம். அப்படியானால் மேலே சொன்ன வரிசை தலைகீழாகிறதா? உடை முன்னே போய்க் காசையும் இடத்தையும் இழுத்துவர முடிகிறதா? சிலருக்கு முடிகிறது போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வருமானத்துக்கு 98 நாள் விடுப்புக் கிடையாது. ஊழியர் சேமநிதியில் முதலாளி போடும் பங்கும் கிடையாது. 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஆண்டுக்கு 120 ரிங்கிட்டுக்கு விபத்துக்கும் முடக்கத்துக்கும் காப்பளிக்கிறது. தொழில் நொடித்தால் அளிப்பதில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்து ஓர் ஆண்டு திரையிலிருந்து விலகினால் வாடிக்கையாளர்கள் திரும்பி வருவார்களா, வராவிட்டால் அந்தத் தொழில் கொடுத்த நிமிர்வில் எவ்வளவு மிஞ்சும் என்பதை இந்தத் தலைமுறைப் பெண்கள் நாற்பதைத் தாண்டும்போதுதான் எடைபோட முடியும்.